பிரம்மசக்தி தூங்க வைத்த வாழைக்காய்

எங்க ஷெட்டுல நடந்ததை நம்புதவங்க நம்பட்டும், நம்பாதவங்க காலையில ஏழு மணிக்கு வந்து தலையில வலைத்தொப்பியை மாட்டிக்கிட்டு, படிகாரத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு நாள் முச்சூடும் நின்னு பாத்துட்டு, பொறவு வாயைத் திறக்கட்டும். என் பேரு சண்முகவடிவு. ஏரலுக்கும் ஆத்தூருக்கும் நடுவுல, தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டத்துக்கு மத்தியில, தவசிக்கனி அண்ணாச்சி வச்சிருக்க வாழைக்காய் ஏற்றுமதி ஷெட்டுல பதினோரு வருசமா தார்ல இருந்து சீப்பு வெட்டுதேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே தெரியும், ஆனா இதுல சொல்லல.

புதுசா வேலைக்கு வார பொம்பளைகள்ட்ட அண்ணாச்சி முதல் நாளே ஒண்ணு சொல்லிருவாவ. "இந்தா பாரும்மா, கப்பல்ல போறது செத்த காய் இல்ல, தூங்குத காய்." அது நெசம். பச்சைக்காயா மரத்துல வெட்டி, தரையில படாம மெத்தை வச்ச தோள்ல சுமந்து கொண்டாந்து, கம்பியில தொங்கவிட்டு, சீப்பு சீப்பா வெட்டி, பால் போகக் கழுவி, நிறுத்து, மெத்துனு இருக்க தாளுக்கு நடுவுல படுக்க வச்சு, பையைச் சுத்தி, அட்டைப்பெட்டியில மூடி, குளிர் ரூம்ல ஒரு நாள் ஆறவிட்டு, அதுக்குப் பொறவுதான் தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து வார வெள்ளைக் கண்டெய்னர்ல ஏத்துவோம். அதுக்கு ரீஃபர்னு பேரு, லாரி மேல நாப்பது அடிக்குப் படுத்துக் கிடக்க ஃபிரிட்ஜுன்னு வச்சுக்கிடுங்க. உள்ள பதிமூணு டிகிரிக்குக் கொஞ்சம் மேல நிக்கணும், ரொம்பக் குறைஞ்சா காய்க்குச் சளி பிடிச்சு தோல் கறுத்துப் போயிரும், கூடிட்டா நடுக்கடல்ல ஏதாவது ஒரு காய் முழிச்சுக்கிடும், ஒண்ணு முழிச்சா அது மூச்சு பட்டுப் பக்கத்துக் காய் முழிக்கும், அது முழிச்சா அடுத்தது, இப்படியே ஆயிரத்தைநூறு பெட்டியும் கரை சேருததுக்கு முந்தியே பழுத்து ஒழுகிரும். அதனால தூங்கிக்கிட்டே போகணும், தூங்கிக்கிட்டே அரபு நாட்டுல இறங்கணும், அங்க பழுக்க வைக்குத ரூம்ல வாயு காட்டுன பொறவு நாலஞ்சு நாள்ல மஞ்சளா முழிக்கணும். இதுதான் எங்க தொழில்.

காயைப் பெட்டியில படுக்க வைக்குத கடைசி மேசையில எங்க ஷெட்டுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. பையை மடிச்சதும் மேல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுவோம். ஒண்ணோட ஒண்ணு உரசாம அமர்ந்துக்கிடணும்னுதான் அதை ஆரம்பிச்சது, ஆனா பிள்ளை பெத்தவ கை ரெண்டு தட்டோட நிக்குமா? எங்கள்ல பாதிப் பேரு தட்டும்போது வாய்க்குள்ள ராராரோன்னு முனங்குவாளுவ, அண்ணாச்சி காதுல விழாத மாதிரிப் போயிருவாவ. அந்தக் கடைசி மேசையில நின்னவதான் பிரம்மசக்தி.

அவளைப் பத்திச் சொல்லணும்னா அவ புருசன் முத்துமாலையைப் பத்தியும் சொல்லணும். அவன் எங்க ஷெட்டுல பெட்டி ஏத்திக்கிட்டிருந்த பய, இவ பெட்டியை மூடுவா, அவன் தூக்குவான், அப்படித் தூக்கித் தூக்கியே காதல் பண்ணி, ரெண்டு வீட்டுக்காரங்களும் முறைச்சுக்கிட்டு நிக்க, அண்ணாச்சிதான் பேசி முடிச்சு வச்சாவ. அரபு நாட்டுல தம்மாம் ஊர்ல எங்க காயை வாங்குத முதலாளிக்கு அபு காலித்னு பேரு. அவரு பெட்டி அடுக்கி வைக்குத குளிர்கிட்டங்கியில ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட நல்ல ஆளா ஒண்ணு அனுப்புங்கன்னு கேக்கவும், அண்ணாச்சி முத்துமாலையை அனுப்பினாவ. பிரம்மசக்தி போகாதீயன்னு சொல்லல. பெட்டியில துணி அடுக்குனதே அவதான், நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மூணு கவர்ல சுத்துனதும் அவதான். ஆனா அவன் பொறப்படுததுக்கு முந்தின நாள் பாத்து ரெண்டு கண்டெய்னர் ஒண்ணா வந்து நின்னுட்டு, இவ ரெண்டு ஷிப்டும் நின்னு வேலை பாத்துட்டுப் போய் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டா. விடியக்காலம் கார் வந்திருக்கு. முத்துமாலை அவளை எழுப்பாம, பிள்ளை கன்னத்தைத் தொட்டுட்டு, கதவைச் சத்தம் இல்லாமச் சாத்திட்டுப் போயிட்டான்.

"என்னை எழுப்பாமப் போயிட்டாவ யக்கா"ன்னு அன்னைக்கு ஷெட்டுல வந்து என்ட்ட சொன்னா. அன்னையில இருந்து ரெண்டு வருசம் எட்டு மாசம் அவன்ட்ட ஒரு வார்த்தை பேசல. வெள்ளிக்கிழமை தோறும் அவன் போன் போடுவான், இவ எடுத்து, மூச்சு விடாம மக மதுமிதா கையில கொடுத்திருவா, பிள்ளை பேசி முடிச்சதும் வாங்கி அணைச்சிருவா. நாங்க சொல்லாத புத்தியா? "தூங்கட்டும்னு பாவம் பாத்து விட்டிருப்பான்ட்டி, அதுக்காடி இவ்வளவு வீம்பு?"ன்னு கேட்டா, "அவிய பாவம் பாத்தது போதும்"னுவா. மூக்குக்கு மேல கோவம். ஆனா அவனை நினைச்சு உருகுனா, அதுவும் எங்க எல்லாருக்கும் தெரியும். பேசவும் மாட்டா, மறக்கவும் மாட்டா, எல்லாத்தையும் கொண்டாந்து அந்தக் காய் மேலதான் தட்டுனா. மத்தவளுவ ரெண்டு தட்டுனா இவ பன்னெண்டு தட்டுவா, கண்ணு எங்கயோ இருக்கும், கை மட்டும் போய்க்கிட்டே இருக்கும். பக்கத்துல நிக்குத எங்களுக்கே கொட்டாவி வரும்.

நோன்பு மாசம் வாரதுக்கு முந்தி அபு காலித்துக்கு அடுத்தடுத்து மூணு கண்டெய்னர் போச்சு. அதுவரைக்கும் கடைசி மேசையில மத்தவளுவளும் மாறி மாறிக் கை வைப்போம், இந்த மூணுலயும் பிரம்மசக்தி ஒருத்திதான். காய் நல்லபடியா போய்ச் சேந்துச்சு, சீலு உடையல, டிகிரி ஏறல, பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு அபு காலித் அருமையான காய்னு அண்ணாச்சிக்குச் சேதி அனுப்புனாரு. பழுக்க வைக்குத ரூம்ல ஏத்துனாங்க, வாயு காட்டுனாங்க, சூட்டைக் கொஞ்சம் கூட்டுனாங்க. காய் முழிக்கல. நாலு நாள் பாத்தாங்க, எட்டு நாள் பாத்தாங்க, பன்னெண்டு நாள் பாத்தாங்க, அழுகவும் இல்ல, வாடவும் இல்ல, இப்பத்தான் வெட்டுன மாதிரி பச்சையா அப்படியே கிடந்துச்சு. அந்த ரூமுக்குப் பொறுப்பு ஹம்தின்னு ஒரு எகிப்துக்காரரு, இருபது வருசமா வாழைப்பழத்தோடயே கிடக்க மனுசன். அவரு ஒரு பெட்டியில காதை வச்சுக் கேட்டுட்டு, அண்ணாச்சிக்குப் போன் போட்டு, காய் குறட்டை விடுதுன்னு சொன்னாரு.

"எப்படி, சத்தமாவா மெதுவாவா?"ன்னு அண்ணாச்சி கேட்டாவ.

மெதுவா, ஒரே சீரா விடுதுன்னு அவரு சொன்னாரு. அண்ணாச்சி போனை வச்சுட்டு எங்க பக்கமா திரும்பி, "அந்த மூணு லோடுக்கும் தட்டுனது யாரு?"ன்னு மட்டும்தான் கேட்டாவ. நாப்பத்தோரு பொம்பளைகளும் பிரம்மசக்தியைப் பாத்தோம்.

ஊருக்குள்ள இது ஒரே நாள்ல பரவிட்டு. யாரும் வாயைப் பொளக்கல. "பிரம்மசக்தி கையா, அப்ப தூங்கத்தான செய்யும்"னு சொல்லிட்டு அடுத்த சோலியைப் பாத்தாங்க. ஏற்றுமதிக்கு ஆகாத கோணக்காயை நாங்க வீட்டுக்குக் கொண்டு போறது வழக்கம், அதையும் அவ கை சும்மா இருக்காமத் தட்டி வச்சிருந்தா, அந்தச் சீப்பு எங்கல்லாம் போச்சோ அங்கல்லாம் தூக்கமும் கூடவே போய்ச் சேந்துச்சு. கைப்பிள்ளைக்காரிகள் தொட்டில் தலைமாட்டுல ஒரு சீப்பு கட்டித் தொங்கவிட்டாளுவ, அதுவரைக்கும் தெருவையே கூட்டுன பிள்ளையள் மத்தியானம் ஒரு மணிக்குக் கண்ணை மூடுனா நாலு மணிக்குத்தான் திறந்துச்சு. ரிட்டயர்டு வாத்தியார் ஞானதுரை, ஆறு வருசமா தூக்கம் வரலன்னு பாக்காத டாக்டர் இல்ல, மடியில ரெண்டு காயை வச்சுக்கிட்டு நாற்காலியில சாஞ்சவரு மறுநாள் மதியம் எந்திரிச்சு, இன்னைக்கு என்ன கிழமைன்னு பெண்டாட்டிட்டக் கேட்டு, பதிலைக் கேட்டுட்டு அழுதிருக்காரு, சந்தோசத்துலதான். ஒரு கல்யாண வீட்டுல சீர் தட்டு குறைஞ்சு போச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சண்டைக்குக் கிளம்பி வர, பொண்ணுக்குச் சித்தி ஒருத்தி புத்திசாலித்தனமா பந்திப் பாய்க்கு அடியில நாலு சீப்பைத் தள்ளி விட்டா, உக்காந்தவங்க உக்காந்தபடியே சாஞ்சு, சாயங்காலம் முழிச்சு, ஆளுக்கு ஒரு காப்பியைக் குடிச்சுட்டு, எதுக்கு வந்தோம்னு ஞாபகம் இல்லாமத் தாம்பூலப் பையை வாங்கிட்டுப் போனாங்க.

எதையும் முறைப்படுத்தாம விட்டா நம்ம ஆளுகளுக்கு ஆகாதுலா? திருச்செந்தூர் போற டவுன் பஸ்ல, வாழைக்காய் கொண்டு வாரவங்க கடைசி சீட்டுல மட்டும்தான் உக்காரணும், டிரைவர் பக்கம் வரவே கூடாதுன்னு கண்டக்டர் சாக்பீஸ்ல எழுதிப் போட்டாரு. பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்குத நேரம், பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடையை ஹெட்மிஸ்டரஸ் அம்மா கேட்லயே நின்னு சோதிச்சாவ. கோயிலுக்கு வாரவங்க சீப்பைச் செருப்போட வெளிய வச்சிட்டு வரணும்னு மாதா கோயில் ஃபாதர் அறிவிச்சாரு, அதுக்கு வாத்தியார் ஞானதுரை, "உங்க பிரசங்கத்துக்கு அது தனியா வேற எதுக்கு சாமி?"ன்னு கேட்டுட்டாரு, ஃபாதர் ரெண்டு வாரம் அவரு முகத்தைப் பாக்கல.

தம்மாம்லயும் இதே கூத்துதான். கிட்டங்கிப் பக்கத்துல எட்டு நாட்டு ஆம்பளைகள் கட்டில் மேல கட்டில் போட்டுக் கிடக்க கேம்ப் உண்டு, வீட்டை விட்டு வந்த நாள்ல இருந்து ஒழுங்காத் தூங்காத ஆளுக. ரூமுக்கு ஒரு பெட்டின்னு ஹம்தி கொடுத்து விட, நேபாளிப் பையன், பிலிப்பைன்ஸ் பையன், நம்ம சாத்தான்குளத்துப் பையன் எல்லாரும் ஒரே மாதிரி, வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப் பிள்ளையா தூங்கியிருக்காங்க. அபு காலித்தே ராத்திரி வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டு போறாருன்னு முத்துமாலை அண்ணாச்சிட்டச் சொன்னானாம்.

ஆனா தூக்கத்தைக் கடையில அடுக்க முடியாதுலா? நோன்புப் பிறைக்கு ஒன்பது நாள்தான் கிடந்துச்சு. நோன்பு திறக்கும்போது பழம் வேணும், கடைக்காரங்க எல்லாரும் மஞ்சப் பழம் கேட்டு அபு காலித்தை நெருக்குதாங்க. அவரு நல்ல மனுசன், கத்தல. "தவசிக்கனி, நான் உன்ட்டத் தூக்கம் கேக்கல, பழம் கேட்டேன். பிறைக்குள்ள இது முழிக்கலன்னா மூணு கண்டெய்னரையும் கொட்டிட்டு, நான் வேற ஊர்க் காயைத்தான் பாக்கணும்"னு சொல்லிட்டாரு. எங்க ஷெட்டுல இருந்து போற பத்து கண்டெய்னர்ல எட்டு அவருக்குத்தான் போகுது. அவரு நிறுத்துனா ஷெட்டுக்குப் பூட்டுதான், நாப்பத்திரண்டு பேரும் வேற சோலி தேடி அலைய வேண்டியதுதான். அண்ணாச்சிக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பிரம்மசக்தியைக் கடைசி மேசையில இருந்து எடுத்துக் கழுவுத தொட்டிக்குப் போட்டாவ. அவ தண்ணிக்குள்ள கையை விட்டுக்கிட்டு தலையைக் குனிஞ்சு நின்னா, தட்ட முடியாத கையை என்ன செய்யன்னு தெரியாம சேலையில துடைச்சுத் துடைச்சுப் பாத்தா.

அங்க எழுப்பிப் பாக்காத வழி இல்ல. மறுபடி வாயு விட்டாங்க, தகரத்தைத் தட்டுனாங்க, வண்டி ஹாரனை விடாம அடிச்சாங்க, கும்பகர்ணனை எழுப்புன மாதிரி ஒரு ஆள் மேளம் கொண்டாந்து அடிச்சான். ஒரு காய் கூடப் புரண்டு படுக்கல. அப்பத்தான் முத்துமாலை அண்ணாச்சியைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கண்டெய்னர் கதவைத் திறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது அவ கைன்னு. ரெண்டு வருசம் எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் நான் தூங்குனேன். அவ தூங்க வச்சதை அவதான் எழுப்பணும். அவ குரலைக் கேக்காம இது எந்திரிக்காது."

இந்த இடத்துலதான் நாங்க ஒரு கிறுக்குத்தனம் பண்ணுனோம். நேரா போன்ல பேச வச்சா முத்துமாலை குரல் கேட்டு அவ முறுக்கிக்கிடுவாளோன்னு பயந்து, வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்னு அண்ணாச்சி மகன் ரூபன் யோசனை சொன்னான். காலேஜ்ல படிக்க பிள்ளை, தாள்ல அவனே எழுதியும் கொடுத்தான். "அன்பான வாழைக்காய்களே, உங்கள் பயணம் இனிதே நிறைவுற்றது, தயவுசெய்து கண் விழியுங்கள்"னு ஏதோ ஏரோபிளேன்ல சொல்லுத மாதிரி. வெளிநாட்டுக்குப் போறது, மரியாதையா இருக்கட்டும்னு நாங்களும் தலையை ஆட்டுனோம். பிரம்மசக்தி அதைப் பாத்து, மெதுவா, பயந்து பயந்து, குரலே எழும்பாம வாசிச்சா. தம்மாம்ல அதைப் போட்டுக் காட்டுனதும் காயெல்லாம் இன்னும் ஆழமா தூங்கிட்டு, கூடவே ஹம்தியும், மேளக்காரனும், ரெண்டு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரும் நின்ன இடத்துலயே உக்காந்து மூணு மணி நேரம் தூங்கிட்டாங்க. முத்துமாலை முழிச்சுட்டு அண்ணாச்சிக்கு மறுபடி போன் போட்டான்.

"அவ மெதுவாப் பேசுனா தூங்கத்தான் செய்வோம் அண்ணாச்சி. அவ ஏசணும். எழுதிக் கொடுத்து இல்ல, மனசார ஏசணும்."

பிறைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அண்ணாச்சி கழுவுத தொட்டிக்குப் பக்கத்துல வந்து நின்னாவ. இந்த ஊர்ல அண்ணாச்சி யார்ட்டயும் கெஞ்சி நான் பாத்தது இல்ல. "உன்னை நான் கட்டாயப்படுத்தல தாயி. ஆனா நாளைக் காலையில ஒரு போன் போட்டு நீ பேசணும். இங்க நிக்க எல்லாரையும் ஒரு தடவை பாத்துக்கோ."

பிரம்மசக்தி எங்களைப் பாத்தா. நாங்க ஆளுக்கு ஒரு சீப்பைக் கையில எடுத்து, மும்முரமா வெட்டுத மாதிரி நடிச்சோம்.

"காய்ட்டப் பேசுதேன் அண்ணாச்சி. அவியட்டப் பேச மாட்டேன். போனை அந்த எகிப்துக்காரர் பிடிக்கட்டும், அவிய தள்ளி நிக்கட்டும்"னு சொல்லிட்டு மறுபடி தண்ணிக்குள்ள கையை விட்டா.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஷெட்டு நடுவுல ஒரு காலிக்கூடையைக் கவுத்தி, அதுக்கு மேல அண்ணாச்சி போனை நிமித்தி வச்சோம். வீடியோவுல அந்த ரூம் தெரிஞ்சுச்சு, கூரை உசரத்துக்குப் பெட்டி அடுக்கியிருக்கு, பக்கவாட்டு ஓட்டை வழியா பச்சைக்காய் தெரியுது, ஹம்தி கோட்டு போட்டுக்கிட்டு நிக்காரு, அபு காலித் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு, எல்லாருக்கும் பின்னால தூரத்துல ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேல முத்துமாலை உக்காந்திருக்கான். இங்க நாங்க நாப்பத்தோரு பேரும் சுத்தி நிக்கோம். பிரம்மசக்தி தொண்டையைச் செருமிக்கிட்டா.

"எந்திரிங்க."

ஹம்தி பெட்டியில காதை வச்சுட்டு, இல்லைன்னு தலையை ஆட்டுனாரு.

"எந்திரிங்க, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு."

"ஏட்டி, யாரைக் கொஞ்சுத? உன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவல்லா, அந்த மாதிரி ஏசு"ன்னு நான் பின்னால இருந்து கத்துனேன்.

அவ்வளவுதான், அவளுக்குக் குரல் வந்துட்டு. "ஏ மூதியளா! கப்பல்ல ஏத்தி விட்டா மகாராஜா மாதிரி குளுகுளுன்னு போய் இறங்கிட்டு, இன்னுமா உங்களுக்குத் தூக்கம்? இங்கன நாப்பத்திரண்டு பேரு வேர்வையில குளிச்சு, கத்தியில கையைக் கிழிச்சு உங்களைச் சீராட்டி அனுப்பியிருக்கோம், போன இடத்துல பேரைக் கெடுத்துக்கிட்டுப் படுத்துக் கிடக்கீய!" ஒரு பெட்டியில குறட்டை நின்னுட்டுன்னு ஹம்தி விரலைத் தூக்கிக் காட்டுனாரு. ஆனா காய் பச்சையாத்தான் இருந்துச்சு. "வெக்கம் இல்ல? போயிட்டா போனதுதானா? வழியனுப்புன ஒருத்தி இங்கன இருக்காளேன்னு நினைப்பு வேண்டாமா? நான் வழியனுப்புனேன்னு கூடச் சொல்ல முடியாதே, என்னையத்தான்..."

பாதியில நிப்பாட்டிட்டா. அங்க ஹம்தி ஏதோ அரபியில கத்திக்கிட்டு போனைக் கொண்டு போய் ஒரு பெட்டிக்குப் பக்கத்துல காட்டுனாரு. ஒரே ஒரு காய், அதோட நுனியில மட்டும் மஞ்சள் ஏறியிருந்துச்சு.

காய்க்கு எந்தப் பேச்சு கேக்குதுன்னு எங்க எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. அவளுக்கும் புரிஞ்சுச்சு. ஈரக்கையைச் சேலையில துடைச்சுட்டு, போனுக்கு நேரா ஒரு எட்டு முன்னால வந்தா.

"அவிய எங்க? கூப்பிடுங்க"ன்னா.

முத்துமாலை வண்டியை விட்டு இறங்கி வந்து போனை வாங்குனான். ஆள் இளைச்சிருந்தான், முன்னால முடி கொஞ்சம் போயிருந்துச்சு. அவ அவன் முகத்தை அப்பத்தான் பாக்கா, பாத்து ரெண்டு வருசம் எட்டு மாசம் ஆச்சு.

"என்னை ஏன் எழுப்பல?"

அவன் தலையைக் குனிஞ்சான்.

"சொல்லுங்க. எழுப்பியிருந்தா நான் போகாதீயன்னா சொல்லியிருப்பேன்? ஒரு காப்பி போட்டுத் தந்திருப்பேன்லா? கார் வரைக்கும் வந்திருப்பேன்லா? முழிச்சுப் பாக்கேன், பாய்ல பாதி வெறுசாக் கிடக்கு, உங்க சட்டை தொங்குன ஆணி மட்டும் இருக்கு. தெருவுல ஓடிப் போய்ப் பாத்தேன், தெரியுமா? செருப்புக்கூடப் போடாம மெயின்ரோடு வரைக்கும் ஓடுனேன், பால்காரரு ஏம்மா யாருக்கு என்னாச்சுன்னு கேக்காரு, எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நான் என்ன அந்த வீட்டுக் கட்டிலா பீரோவா, சொல்லாம விட்டுட்டுப் போறதுக்கு?" அவ அழுதா, அழுதுக்கிட்டே ஏசுனா, ஏச ஏச அவனுக்குப் பின்னால பெட்டி ஓட்டைகள்ல மஞ்சள் ஒண்ணு ஒண்ணா எட்டிப் பாத்துச்சு, அவ பாக்கல, அவனும் பாக்கல.

"எழுப்பலாம்னுதான் குனிஞ்சேன்ட்டி"ன்னான் முத்துமாலை. "ரெண்டு தடவை குனிஞ்சேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பாத்திருந்தா நான் போயிருக்க மாட்டேன். அந்தக் கார்ல ஏறியிருக்க மாட்டேன். உனக்குப் பாவம் பாத்து எழுப்பாம விடல, எனக்குப் பயந்துதான் விட்டேன்."

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னா. "இதை அன்னைக்கே போன்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"நீ எங்கட்டி போன்ல பேசுன?"

ஷெட்டே கொல்லுன்னு சிரிச்சிட்டு. அவளுக்கும் சிரிப்பு வந்துட்டு, கண்ணுல தண்ணியோட, வாயைச் சேலையால பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சா. அந்தச் சிரிப்புலதான் மிச்சம் எல்லாம் முழிச்சுச்சு. மூணு கண்டெய்னர் காயும், நாலாயிரத்தைநூறு பெட்டியும், அடியில இருந்து கூரை வரைக்கும் ஒரே மூச்சுல மஞ்சளாச்சு, அட்டைப்பெட்டிகள் சோம்பல் முறிக்க மாதிரி நெறுநெறுன்னு சத்தம் போட்டுச்சு, அபு காலித் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு, ஹம்தி ஒவ்வொரு பெட்டியாத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அதே நிமிசம் எங்க ஊர்த் தொட்டில்கள்ல தொங்குன சீப்பு எல்லாம் பழுத்து, கைப்பிள்ளையள் பூரா ஒண்ணாச் சேந்து வீறிட்டு முழிச்சுச்சுன்னும், தாய்மார்கள் எங்களை வாயார வைதாங்கன்னும் பொறவு கேள்விப்பட்டோம்.

அண்ணாச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "கொடும்மா, அபு காலித்ட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்"னு போனுக்குக் கையை நீட்டுனாவ. பிரம்மசக்தி போனைத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டா.

"பொறுங்க அண்ணாச்சி, நான் பேசிக்கிட்டிருக்கேன்லா."

அந்தக் கூடையிலயே எங்களுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டா. நாங்க எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போய்க் கத்தியை எடுத்தோம், கடைசி மேசையை அவளுக்குக் காலியா விட்டோம், எங்க காதை மட்டும் அங்கயே வச்சிருந்தோம். மக எப்படிப் படிக்கான்னு அவன் கேட்டான், நல்லாப் படிக்கா, கணக்குலதான் உங்கள மாதிரின்னு இவ சொன்னா. ஏன் இப்படி இளைச்சிட்டீயன்னு இவ கேட்டா.

"காலையில என்ன சாப்பிட்டீய?"

"இன்னும் சாப்பிடல. இந்தா, நீ எழுப்புனது கையில இருக்கு."

"வெறும் வயித்துலயா? யாராவது வெறும் வயித்துல பழம் திம்பாவளா?"ன்னு அவ ஏசி முடிக்கதுக்குள்ள அவன் உரிச்சு வாயில வச்சுட்டான், ஒண்ணு முடிஞ்சு அடுத்தது, அதையும் முடிக்காம இன்னொண்ணு, வாய் நிறைய அடைச்சுக்கிட்டு, ஏதோ சொல்ல வாரான், சொல்ல முடியல, இருமல் வந்துட்டு.

"மெல்லத் தின்னுங்க"ன்னா பிரம்மசக்தி. "நான் எங்கயும் போயிட மாட்டேன்."